நடுக்கம் இல்லாத நாடா

மார்ச் 4

அக்கா,

நாலு தடவை ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்து, "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், எதுவானாலும் எழுதிப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கேட்டது நலமா என்று அல்ல, பார்சல் வந்ததா என்று. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? தபால்தலை எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குப் பட்டறையில் சிரிக்கிறார்கள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பார்சலில் பன்னிரண்டு தறி நாடா இருக்கும். உன் நாலு தறிக்கு நாலு. மீதி எட்டும் உன் வரிசையில் இருக்கும் மற்ற இரண்டு பேருக்கு. உங்கள் தறிக்கூட மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். "உங்க அக்கா ஓட்டுறாங்கன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு விடுவேன் தம்பி" என்றார்.

என்ன மாற்றியிருக்கிறேன் என்று சொல்கிறேன். பாவுக்குக் குறுக்கே ஓடுகிற உன் பழைய நாடாவில், ஊடை நூல் சுற்றிய தார்க்கட்டை ஒரு முள்ளில் செருகி நிற்கிறது, அவ்வளவுதான். நாடா தறியின் மறுகோடிப் பெட்டியில் போய் முட்டி நின்றாலும் உள்ளே இருக்கிற தார் நிற்பதில்லை, எகிறுகிறது. சுற்றின நூல் கொத்தாகச் சரிந்து பாவில் மாட்டுகிறது. பத்து இழை அறுகிறது. நீ குனிந்து குனிந்து முடிச்சுப் போடுகிறாய். நிமிடத்துக்கு நூற்றிருபது தடவை அடிபடுகிற பொருளை வெறும் முள்ளில் நிற்க வைத்தவன் யாரோ, அவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் கட்டையின் அடியை இரண்டு பக்கமும் கவ்வுகிற மாதிரி எஃகுத் தாடை வைத்திருக்கிறேன். உள்சுவர் இரண்டிலும் பிரஷ் மயிர்ப் பட்டை ஒட்டியிருக்கிறேன். நூல் அசையாது. இங்கே சோதனைத் தறியில் இரண்டு வாரமாக ஒரு கொத்துகூடச் சரியவில்லை. ஆனால் பட்டறைப் பெரியவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "உன் தறி பள்ளிக்கூடத் தறிப்பா. வேலை செய்யுற தறியில ஓட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்." மே மாதத்துக்குள் தேறினால் இனி இந்தப் பட்டறை இந்த நாடாவைத்தான் செய்யும். தேறாவிட்டால் நான் பழையபடி மரம் இழைக்கப் போக வேண்டும். மூன்று வருடம் அதற்காகப் படிக்கவில்லை.

எனக்கு வேண்டியது எண். ஒவ்வொரு தறியும் ஒரு ஷிப்டில் எத்தனை தடவை நின்றது, எதனால் நின்றது. "சுமார்", "பரவாயில்லை" என்றெல்லாம் எழுதாதே.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்தது. நான் நலமா என்று நீ கேட்கவில்லை என்பதும் தெரிந்தது. கேட்காவிட்டாலும் நலம்தான்.

உன் நாடாவைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வரவில்லை. அந்த மயிர்ப் பட்டையை எல்லோரும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். பக்கத்துத் தறிக்காரி இருக்கிறாளே, நீகூட லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தாய், அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். நீண்ட நேரம் ஏதோ பேசினாள். பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எண் கேட்டாய். கொத்து சரிந்து நின்றது முன்பு ஷிப்டுக்குப் பதினொன்று, இப்போது ஒன்று. அந்த ஒன்றும் தார் சுற்றுகிறவள் தூங்கி வழிந்ததால்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. நூல் தீர்ந்தது தெரியாமல் நாடா வெறுமனே ஓடிய இடங்கள், ஒரு வாரத்தில் ஒன்பது. எல்லாம் என் தறிகளில்தான். என் கவனக்குறைவு என்று எழுதிக்கொள். உன் நாடாவின் மேல் பழி இல்லை.

உன் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று போன வருடமே கேட்டேன். சொல்லவே இல்லை. இங்கே வீடு கிடந்தபடி கிடக்கிறது. ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. சாப்பிட்டு முடிக்க இப்போதெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. எதிரே ஆள் இருந்தால்தானே நேரமாகும்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

ஒன்பதா? உனக்கு என்ன ஆயிற்று?

இருபத்திரண்டு வருடமாகத் தறி ஓட்டுகிறாய். தார் தீருவதற்கு முன்பே மாற்றுகிறவள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். மற்ற இரண்டு பேரின் எட்டுத் தறிகளில் இந்தக் குறை எத்தனை தெரியுமா? பூஜ்யம். உன் லவுட்ஸ்பீக்கர் வாய் மூடாமல் பேசிக்கொண்டே ஓட்டுகிறாள், அவளிடமும் பூஜ்யம். நூல் தீர்ந்தால் தறியை நிறுத்துவதற்கென்று ஒரு கம்பி முள் ஒவ்வொரு தறியிலும் உண்டு. அதைத்தான் நீங்கள் எல்லோரும் சும்மா சும்மா தறியை நிறுத்துகிறது என்று சொல்லிக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் கண்ணாவது வேலை செய்ய வேண்டாமா?

மேஸ்திரி எனக்கு ஃபோன் செய்தார். உன் துணி இரண்டு தடவை திரும்பி வந்ததாம். "அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதுங்களா? கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாங்க, கோவமா?" என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல? எனக்கே நீ ஃபோன் எடுப்பதில்லை.

போன தடவை வந்தபோது இரண்டு நாள் முழுக்க இந்த நாடாவைப் பற்றித்தான் பேசினேன். படம் போட்டுக் காட்டினேன். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இந்த வாரமும் இப்படியே இருந்தால் உன் நாலு தறியின் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு மற்ற எட்டை மட்டும் பெரியவரிடம் காட்டப் போகிறேன். சொல்லிவிட்டேன்.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

தூக்கி எறிந்துவிடு. அதுதான் சரி. ஏன் சரி என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

எனக்குக் காது கேட்காது. கொஞ்சம் மந்தம் என்று நினைக்காதே, கேட்கவே கேட்காது. முதலில் இடது காது போயிற்று, பிறகு வலது. நாலு வருடம் ஆகிறது. வீட்டில் பேச ஆள் இருந்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும். ஒரு நாள் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்து, தண்ணீர் காலை நனைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

தறிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அந்த இரைச்சலில் எல்லோருமே கையைக் காட்டித்தானே பேசுகிறோம். காது போனவர்களைத் தறியில் விட மாட்டார்கள், உனக்குத் தெரியும். நாடா தெறித்து வந்தால் "விலகு" என்று கத்துவது கேட்க வேண்டும்.

எப்படி ஓட்டினேன் என்று கேட்பாய். தறியின் முன்கட்டையில் இடுப்பைச் சாய்த்து நிற்பேன். தாரில் நூல் நிறைய இருக்கும்போது நடுக்கம் கனமாக இருக்கும். நூல் குறையக் குறையத் தார் லேசாகி, அந்த முள்ளில் கிடந்து கடகடவென்று ஆடும். அது பெட்டி வழியாக, கட்டை வழியாக என் இடுப்புக்கு வந்துவிடும். ஒரு தறியில் சாய்ந்துகொண்டு பக்கத்துத் தறியில் கையை வைத்தால் இரண்டும் தெரியும். நாலையும் சுற்றி வருவேன். நாலு வருடத்தில் ஒரு வெற்றோட்டம் விட்டதில்லை.

உன் நாடாவில் தார் ஆடவே இல்லை. நிறைந்திருந்தாலும் ஒன்றுதான், தீர்ந்தாலும் ஒன்றுதான். நீ கெட்டிக்காரன். எதைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்று நினைத்தாயோ அதை முழுசாக நிறுத்திவிட்டாய். மற்றவர்களுக்கு நாடா பெட்டியில் மோதுகிற சத்தம் மாறுவது கேட்கிறது. எனக்குத்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.

போன தடவை நீ வந்தபோது தலையாட்டினேன் என்கிறாய். நீ வேகமாகப் பேசுகிறாய். மற்றவர்கள் வாயைப் பார்த்தால் பாதியாவது பிடிபடும். உன் வாயில் ஒரு வார்த்தைகூட நிற்பதில்லை. இரண்டு நாளும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகப் பேசினாய். அது போதும் என்று தலையாட்டினேன்.

எனக்காக எதையும் மாற்றாதே. மேஸ்திரியிடம் சொல்லாதே. பழைய நாடாவையே திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பத்து நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு வருத்தம் தெரிவித்து எழுத வராது. வேலை செய்தேன், அதை எழுதுகிறேன்.

பழைய நாடா நடக்காது. மேஸ்திரியை விசாரித்தேன், சோதனை முடிந்தால் உன் வரிசை முழுக்கப் புதிதையே போடப் போகிறாராம். உனக்கு மட்டும் பழையது என்றால் ஏன் என்று கேட்பார். கம்பி முள்ளை அவிழ்க்கச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார். ஆகவே புதிய நாடாவே உனக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சோதனைத் தறியில் நின்றேன். எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் நின்றேன். கடைசல் பிடிக்கிறவர் திரும்பி வந்து பார்த்துவிட்டு, பஞ்சை எடுக்கச் சொல்லிக் கேட்டார்: "என்னப்பா, பல்வலியா?" ஆமாம் என்றேன். கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாலு நாள் எதுவும் தெரியவில்லை. முன்கட்டை நடுங்குகிறது, அவ்வளவுதான். எல்லாம் ஒரே நடுக்கம். ஐந்தாவது நாள் பழைய நாடாவைப் போட்டு ஓட்டியபோது, தார் தீருவதற்குக் கொஞ்சம் முன்னால், இடுப்பில் ஏதோ மாறியது. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தேன். தார்க்கட்டையில் ஆறு சுற்று நூல்தான் மிச்சம். எனக்கு ஐந்து நாள் சொல்லிக் கொடுக்கத் தறி ஒன்று சும்மா கிடந்தது. உனக்கு யார் இருந்தார்கள்?

ஒரு நாள் பஞ்சை எடுக்க மறந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன். எதிரே உட்கார்ந்தவர் ஏதோ கேட்டார். தலையாட்டினேன். என் தட்டில் இருந்த முட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாடா விஷயத்துக்கு வருகிறேன். நாடாவின் உள்சுவரில், தாரின் அடிப்பக்கம், ஒரு மெல்லிய எஃகு நாக்கு வைத்திருக்கிறேன். நூல் இருக்கும்வரை அது நூலின் மேல் படுத்திருக்கும். நூல் தீரப்போகும்போது தார்க்கட்டையின் வரிப்பள்ளத்தில் விழுந்து, ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு தட்டு தட்டும். பஞ்சும் துணியும் கட்டிக்கொண்டு முப்பது தார் ஓட்டினேன். முப்பதும் இடுப்புக்குத் தெரிந்தது. நாலு அனுப்புகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற எட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஜன்னல் இருக்கிறது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் நாக்கு வேலை செய்தது. முதல் நாள் ஒரு தாரைக்கூட நான் விடவில்லை. தீரப்போகிறது என்றால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இடுப்பில் டக், டக் என்று வந்தது. பழைய நாடாவில்கூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் நானாகச் சிரித்தேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மூன்றாவது தறியில் சாய்ந்திருந்தேன். தட்டு வந்தது. முதல் நாள் மாதிரி உடனே நிறுத்தியிருக்கலாம். நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்ச நேரம் தட்டு வாங்கிக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். நிமிர்ந்தால் வரிசையில் மற்றவர்கள் தறியெல்லாம் நின்றிருக்கிறது. லவுட்ஸ்பீக்கர் சுவரோரம் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேர் குனிந்து ஓடுகிறார்கள். மேஸ்திரி அந்தக் கோடியில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார். எல்லோர் வாயும் திறந்திருக்கிறது. எனக்குப் பின்னால் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாரை மாற்றினேன்.

மேஸ்திரி ஓடிவந்து மொத்த விசையையும் நிறுத்தினார். லவுட்ஸ்பீக்கர் என்னென்னவோ பேசிப் பார்த்துவிட்டு, சாக்கட்டியை எடுத்துத் தரையில் எழுதினாள்: "நாடா வெடிக்கப் போகுதுன்னு எல்லாரும் ஓடுனோம். அப்படி ஒரு சத்தம். உனக்குக் கேக்கலையா?"

மேஸ்திரி எனக்குப் பின்னால் போய் நின்றார். எதையோ கீழே போட்டிருக்க வேண்டும், தரை அதிர்ந்தது. சத்தத்துக்குத் திரும்புகிறவள் எவ்வளவு சீக்கிரம் திரும்புவாள் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. மெதுவாகத் திரும்பினேன். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. வாயை மெதுவாக அசைத்து, "எத்தனை வருஷமா?" என்றார். நாலு விரலைக் காட்டினேன். நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

திங்கள்கிழமையிலிருந்து என்னை மடிப்பறையில் போட்டிருக்கிறார்கள்.

உன் நாக்கு எவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரிய வழியில்லை. உனக்கும் தெரிந்திருக்காது. நீயும் பஞ்சை வைத்துக்கொண்டுதானே பார்த்தாய்.

அக்கா


மே 2

அக்கா,

பஞ்சை எடுத்துவிட்டு ஓட்டினேன். இரும்புத் தட்டில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கிறது. கடைசல்காரர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். முப்பது தார் ஓட்டியிருக்கிறேன், ஒரே ஒரு தார் பஞ்சில்லாமல் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டிப்ளமா வாங்கினவன் செய்கிற வேலையா இது? உன் இடத்தில் நின்று பார்த்தேன் என்ற கெட்டிக்காரத்தனத்தில் மற்றவர்கள் இடத்தில் நிற்கவே இல்லை.

திட்டி எழுது. "பரவாயில்லை" என்று எழுதாதே.

மேஸ்திரியிடம் ஃபோனில் சண்டை போட்டேன். கம்பி முள்ளை அவிழ்த்து, ஒழுங்காகச் சரிசெய்து, நாலு தறியையும் அக்காவுக்கே கொடுங்கள் என்றேன். "முள்ளு தறியை நிறுத்தும் தம்பி. நாடா தெறிச்சு வந்தா உங்க அக்காவை யாரு விலக்குறது?" என்றார்.

இங்கே வந்துவிடு. அறை சின்னதுதான், இரண்டு கட்டில் போடலாம், அளந்து பார்த்துவிட்டேன்.

இத்துடன் சோதனைத் தாள் இருக்கிறது. நாடாவை ஓட்டின மூன்று பேரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிறைகள் ஒரு பக்கம், குறைகள் ஒரு பக்கம். உன் கணக்கைத் தூக்கி எறிவேன் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். உள்ளதை எழுது.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

திட்டச் சொல்கிறாய். வராததைச் செய்யச் சொன்னால் எப்படி? சின்ன வயதில் உன்னைத் திட்டுகிற வேலையெல்லாம் அம்மாதான் பார்த்தாள்.

மடிப்பறை தனிக் கட்டடம். தறிக்கூடத்துக்கும் அதற்கும் நடுவில் முற்றம். துணியை மேசையில் விரித்து, குறை பார்த்து, மடித்து அடுக்க வேண்டும். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நாற்காலிகூட உண்டு. ஆனால் தரை செத்துக் கிடக்கிறது. முதல் நாள் உள்ளே போனதும் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தேன். தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நான் மின்சாரம் எப்போது வரும் என்று கையைக் காட்டிக் கேட்கிறேன். இருபத்திரண்டு வருடம் கால் நடுங்கியே நின்றிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காது போனபோதுகூட இவ்வளவு அமைதியாக இல்லை.

உன்னிடம் வரவில்லை. இங்கே எந்தத் தெருமுனையில் வண்டி திரும்பும் என்று கண் தன்னாலே பார்த்துக்கொள்கிறது. அங்கே எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். நீ காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாய். சுவரைப் பார்த்த ஜன்னலோடு நான் என்ன செய்ய?

தாளை நிரப்பிவிட்டேன். நிறைகள்: நூல் சரியவில்லை. தார் எகிறவில்லை. குறைகள்: நடுக்கம் இல்லை. தார் தீருவது கைக்குத் தெரியாது. யோசித்துத்தான் எழுதினேன்.

இப்போது எல்லோருடைய துணியும் என் மேசைக்குத்தான் வருகிறது. உன் நாடா ஓடின துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே சொல்லிவிடுவேன். ஒரு இடத்தில்கூட நூல் தளர்ந்து தொங்கவில்லை. நல்ல நாடா செய்திருக்கிறாய்.

அக்கா


மே 30

அக்கா,

நாடா தேறிவிட்டது. என் பெயரில் ஒரு தனி மேசை போட்டிருக்கிறார்கள்.

உன் தாளைப் பெரியவர் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "உங்க அக்கா கட்டம் மாத்தி எழுதிட்டாங்கப்பா. நடுக்கம் இல்லைங்கிறது நல்லதுதானே?" என்று சொல்லி, அந்த வரியை அடித்து நிறைகள் பக்கம் எழுதினார். அடுத்த வரிக்கு அவருக்கு அர்த்தம் புரியவில்லை, அதை முழுசாக அடித்துவிட்டார். நான் மறுபடி குறைகள் பக்கம் எழுதிக் கொண்டுபோய், ஏன் என்று விளக்கினேன். உன் பெயரைச் சொல்லவில்லை. காது கேளாதவர் ஒருவர் தறி ஓட்டினார் என்று மட்டும் சொன்னேன். "காது கேக்காதவங்களை எவன்ப்பா தறியில விடுவான்? அப்படி யாரும் இல்லாததுக்கெல்லாம் குறைன்னு எழுத முடியுமா?" என்றார். விளம்பரத் தாள் அச்சாகி வந்துவிட்டது. ஒன்று வைத்திருக்கிறேன், பார். முதல் வரி, பெரிய எழுத்தில்: நடுக்கம் இல்லாத நாடா.

மூன்று தறிக்கூடங்கள் கேட்டு எழுதியிருக்கின்றன. பெரியவருக்குத் தெரியாமல் மூன்றுக்கும் நானே கடிதம் போட்டேன். உங்களிடம் காது கேளாமல், கையாலும் இடுப்பாலும் பார்த்துத் தறி ஓட்டுகிறவர் யாராவது இருக்கிறாரா, இருந்தால் இந்த நாடாவை வாங்கும் முன் அவரிடம் கேளுங்கள், அவருக்குச் சத்தமில்லாமல் தட்டுகிற மாதிரி வேறொன்று செய்ய முயல்கிறேன் என்று எழுதினேன். நிஜமாகவே முயல்கிறேன். இரும்புக்குப் பதில் தோல் நாக்கு வைத்துப் பார்க்கிறேன், பஞ்சோடு ஒரு தடவை, பஞ்சில்லாமல் ஒரு தடவை.

மூன்று பேரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்று மூன்று பேரும் எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் உன் மேஸ்திரியைக் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் எழுதியிருப்பார். என்னைக் கேட்டிருந்தாலும்.

தம்பி